முகம் கொடுக்காத துஸ்ஸே

அத்தியாயம் 6

ரக்னா ஹெடேனுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். காபி ஆறியிருந்தால் போதும். அன்று காபியும் ஆறியிருந்தது, கோத்தன்பர்க்கின் மழையும் விட்டபாடில்லை. அது போதாதென்று மாடிவீட்டு ஹெட்விக் கதவைக்கூடத் தட்டாமல் துப்பறியும் அலுவலகத்துக்குள் புயலாக நுழைந்தாள்.

“கொன்னுட்டான்! எலோஃப்தான் கொன்னுட்டான்!”

ரக்னாவின் உதவியாளன் வீகோ, நேற்று மிஞ்சிய கிரீம் பன்னை மேசைமேல் வைத்தான். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து தொலைந்துபோன சைக்கிள்களையும், காப்பீட்டுக்காக நொண்டுகிறவர்களையும் தவிர அவன் வேறெதையும் துரத்தியதில்லை. கடைசியில் ஒரு கொலை!

“யாரை?” என்றான் ஆவலோடு.

“துஸ்ஸேயை!”

வீகோ பன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

துஸ்ஸே யாரென்று அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். நிலவறைப் பட்டறையில் ஹெட்விக்கும் அவளுடைய கூட்டாளி எலோஃபும் சேர்ந்து வளர்க்கும் பிராணி அது. வளர்ப்பதெல்லாம் திரைக்குள்தான். கணினித் திரையில் ஒரு காட்டுக் குடிசை, அதற்குள் காதும் வாலும் தொப்பையுமாக ஒரு ஜீவன். ஊரில் மற்றவர்கள் இந்த மாதிரி விளையாட்டைப் பொத்தானை அமுக்கி ஆடுவார்கள். இவர்களிடம் பொத்தானே கிடையாது. ஒரு முழு ரொட்டி அளவில், ரோமம் போர்த்திய உடம்பு ஒன்றைத் தைத்து மடியில் வைத்துவிடுவார்கள். அதன் முதுகைத் தடவினால் திரையில் இருப்பது குர்குர் என்று சொக்கும். மூக்கில் ஊதினால் தும்மும். வாலைப் பிடித்துச் சுற்றினால் எழுந்து ஆடும். தடவாமல் விட்டாலோ, ஏங்கிப்போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடும். கட்டடத்தில் பாதிப் பேர் குப்பை கொட்டுகிற சாக்கில் கீழே போய் அதைத் தடவிக் கொடுத்துவிட்டு வருவார்கள். வீட்டில் இருக்கும் மனுஷனைத் தடவிக் கொடுத்தார்களா என்பது வேறு விஷயம்.

“நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்துச்சு,” என்றாள் ஹெட்விக். “இன்னிக்குத் தடவினா ஒண்ணுமே உணரல. முகமே கொடுக்க மாட்டேங்குது! மதியம் தேர்வுக் குழு வருது, ரக்னா. வசந்தக் கண்காட்சிக்கு எந்த விளையாட்டு போகணும்னு முடிவு பண்றவங்க. அவங்க வந்து முதுகைப் பார்த்துட்டா போவாங்க?”

“எலோஃப் மேல ஏன் பழி?”

“வேற யாரு? அறைச் சாவி எங்க ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. போன மாசம் ஒரு செல்போன் விளையாட்டுக் கம்பெனிக்காரன் வந்தான். இந்த ரோமம் கீமமெல்லாம் வேணாம், பொத்தான் வச்சுக் கொடுங்கன்னான். நான் வாசலைக் காட்டினேன். எலோஃப் என்ன சொன்னான் தெரியுமா? ‘என்னதான் சொல்றாங்கன்னு கேட்டுப் பார்க்கலாமே’ன்னான். ரோமம் செத்துப்போனா அப்புறம் பொத்தான்தானே வழி? அவன் விலகறதா பத்திரம் தயார் பண்ணிட்டேன். குழு வர்றதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டு வெளிய போகணும். நீ அவன்தான்னு நிரூபிச்சுக் கொடு. அது போதும்.”

“நான் ஆளைச் சொல்லி வாங்கற கடை இல்ல!” ரக்னா எரிந்து விழுந்தாள். “யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்வேன். பிடிக்காத பேரு வந்தா என்மேல பாயக் கூடாது.”

“நீங்க ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் கத்தினா, மழையே பயந்து நின்னுடும் தலைவி,” என்றான் வீகோ. வேலைக்கு வைத்தவளைத் தலைவி என்று கூப்பிடுவது மரியாதைக்காக அல்ல என்பது ரக்னாவுக்கும் தெரியும்.

நிலவறைக்கு முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ரக்னா குடையைத் தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வீகோ நனைந்துகொண்டு பின்னால் ஓடினான்.

பூட்ஸைக் கழற்றி வாசலில் விட்டு, காலுறைகளோடு உள்ளே நுழைந்தார்கள். மேசையெல்லாம் கம்பிகள், திருகாணிகள், நூல்கண்டுகள். நடுவில் ஒரு மெத்தைமேல் துஸ்ஸேயின் உடம்பு. சுவரிலிருந்த பெரிய திரையில் துஸ்ஸேயின் முதுகு.

“எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்துட்டேன்,” என்றாள் ஹெட்விக். “ஒரு கம்பிகூட அறுபடல. மூக்குல ஊதினா தும்முது. வாலைச் சுத்தினா ஆடுது. ரோமம் மட்டும்தான் செத்துக் கிடக்கு. ரோமத்துக்கு நடுவுல வெள்ளி முலாம் பூசின நூல் ஓடுது, ரக்னா. கை பட்டா அதுதான் உள்ள போய்ச் சொல்லும். இப்ப யாரு தொட்டாலும் சொல்ல மாட்டேங்குது. சத்தமில்லாம கொல்லத் தெரிஞ்சவன் செஞ்ச வேலை இது!”

“வாடா செல்லம்,” என்று வீகோ சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அதன் முதுகைத் தடவினான்.

திரையில் ஒரு காது துடித்தது. துஸ்ஸே ஒற்றைக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. ‘குர்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மறுபடி சுவரோடு ஐக்கியமாகிவிட்டது.

“பார்த்தியா? ஆள் தராதரம் பார்த்துத்தான் முகம் கொடுக்குது.”

“அது ஏதோ மின்சாரத் தடுமாற்றம்!” என்று ஹெட்விக் அவன் கையைத் தட்டிவிட்டாள். “காலையிலேர்ந்து நான் அரை மணி தடவியிருப்பேன். எனக்கு இல்லாத குர்குர் உனக்கா?”

ரக்னா மெத்தையை நெருங்கினாள். தானும் ஒருமுறை தடவினாள். முதுகு முதுகாகவே இருந்தது. பிறகு துஸ்ஸேயின் உடம்பைத் தூக்கி, அதன் வயிற்றில் மூக்கைப் புதைத்து, மூச்சை இழுத்தாள்.

“நாய் வேலையை என்கிட்ட விட்டிருக்கலாமே,” என்றான் வீகோ.

“வாயை மூடு. ஹெட்விக், நேத்து எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?”

ஹெட்விக்கின் செல்போனில் துஸ்ஸேயின் போட்டோவுக்குப் பஞ்சமில்லை. நேற்று மதியம் எடுத்ததில் அதன் இடது காதில் பழுப்பாக ஒரு கறை, ஏதோ தீவின் வரைபடம் மாதிரி படர்ந்திருந்தது.

“இது என்ன?”

“என் காபிதான். போன வாரம் கொட்டிட்டேன். கழுவினா வெள்ளி நூலுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு அப்படியே விட்டுட்டேன்.”

ரக்னா மெத்தைமேல் இருந்த துஸ்ஸேயின் இடது காதைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். கறையைக் காணோம். காது புதுப் பனிபோல வெள்ளையாக இருந்தது. காலையிலிருந்து திரையையும் கம்பியையுமே முறைத்துக்கொண்டிருந்த ஹெட்விக் காதைப் பார்க்கவே இல்லை.

“கெடுக்க வந்தவன்,” என்றாள் ரக்னா, “போற போக்குல காதைக் கழுவி விட்டுட்டுப் போவானா?”

ஹெட்விக் ஒரு கணம் விழித்தாள். “தடயத்தை அழிச்சிருக்கான்!”

“அது உன் காபி. அழிஞ்சது உன் தடயம்.”

எலோஃப் நிலவறை நடையில், குழந்தை வண்டிகளுக்கு நடுவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பத்திரத்தில் கையெழுத்துப் போட வரச்சொல்லியிருந்தார்கள். வந்து பார்த்தால் அவன் மின்னணுச் சாவி வேலை செய்யவில்லை. ஹெட்விக் பொழுது விடிந்ததும் குடியிருப்புச் சங்கத் தலைவர் யெர்க்கரிடம் சொல்லி அதை ரத்து செய்துவிட்டாள். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதன். ஆனால் அவன் குரல் எப்படி இருக்கும் என்று பாதிக் கட்டடத்துக்குத் தெரியாது. துஸ்ஸேயின் உடம்பைத் தைத்தவள் ஹெட்விக் என்றால், அதற்குள் இருக்கும் மனசை எழுதியவன் இவன். ஏங்குவது, சொக்குவது, முறைத்துக்கொள்வது எல்லாம் இவனுடைய கைவரிசை. அவனே நிஜத்தில் முறைத்து யாரும் பார்த்ததில்லை.

ரக்னா ரோமத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. “நேத்து என்ன கிழமை?” என்றாள்.

“செவ்வாய்.”

“என்ன செவ்வாய்?”

எலோஃப் வீகோவைப் பார்த்தான். இது என்ன கேள்வி? ஈஸ்டர் தவக்கால நோன்புக்கு முந்தின செவ்வாய். அன்று அந்த ஊரில் செம்லா சாப்பிடாதவன் நோயாளியாகத்தான் இருக்க வேண்டும். பன்னை வெட்டி, பாதாம் விழுதை அடைத்து, மேலே கிரீமை மலையாகக் குவித்திருப்பார்கள்; மூக்கில் அப்பிக்கொள்ளாமல் அதைக் கடித்தவன் இன்னும் பிறக்கவில்லை.

“நீ செம்லாவை எங்க வச்சுச் சாப்பிட்ட?” என்றாள் ரக்னா.

எலோஃபின் காது சிவந்தது. அவன் கண் தானாகவே பட்டறைக் கதவின் பக்கம் போனது.

“பட்டறைக்குள்ள ஒரு பிஸ்கட்கூடக் கொண்டு போகக் கூடாதுன்னு அவ சட்டம்,” என்றான் மெதுவாக. “சாயங்காலம் அவ மேல போன பிறகு... நான் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். கிரீம் மொத்தமும் துஸ்ஸே முதுகுல விழுந்துடுச்சு.”

“அப்புறம்?”

“தோலை மட்டும் கழட்டினேன். பக்கத்துல சலவை அறை காலியா இருந்துச்சு. மெஷின்ல பச்சத் தண்ணி, வாசனையில்லாத வெறும் சோப்பு, ரொம்ப மெதுவான சுத்து. அதெல்லாம் வெள்ளி நூலை ஒண்ணும் பண்ணாது, நான் படிச்சிருக்கேன். முடிஞ்சதும் பிழிஞ்சு, திரும்ப மாட்டி, தடவிப் பார்த்தேன். சொக்கிப் போச்சு ரக்னா! அது அப்படிக் குர்குர்னு சொல்லி நான் பார்த்ததே இல்ல. சரி, காயட்டும்னு வச்சுட்டுக் கிளம்பிட்டேன்.” அவன் கொஞ்சம் நிறுத்தினான். “நான் போகும்போது அது உயிரோடதான் இருந்துச்சு. அப்புறம் உள்ள போனது அவ ஒருத்திதான்.”

வீகோ சீழ்க்கை அடித்தான். “கதை தலைகீழாப் போகுதே! கூப்பிட்டவளே கொலைகாரியா?”

ரக்னா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். “உன் கை காஞ்சுடுச்சா?”

“ஏன், ஜோசியம் பார்க்கப் போறியா?”

பதில் சொல்லாமல் அவனைத் தரதரவென்று பட்டறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். எலோஃப் வாசல்வரை வந்து நின்றுகொண்டான். அவனைப் பார்த்ததும் ஹெட்விக் வாயைத் திறந்தாள். ரக்னா ஒரு விரலை உயர்த்தியதில் வாய் திறந்தபடியே நின்றது.

“தடவு,” என்றாள் ரக்னா.

வீகோ தடவினான். துஸ்ஸே அசையவில்லை. “என்னடா செல்லம், அதுக்குள்ள மறந்துட்டியா?”

ரக்னா அவன் கையைப் பிடித்துக் குழாயடியில் காட்டி, அப்படியே சொட்டச் சொட்டக் கொண்டுவந்து ரோமத்தின்மேல் வைத்தாள். திரையில் காது துடித்தது. கண் திறந்தது. ‘குர்.’

“உன் தராதரத்தைப் பார்த்து இது முகம் கொடுக்கல, வீகோ. உன் கையில இருந்த மழைக்குக் கொடுத்துச்சு. ஈரம் இருந்தா உணருது, காஞ்சா செத்துப்போகுது. எலோஃப் நேத்து கொட்டின கிரீமை மெஷின்ல கழுவிட்டு, ஈரத்தோட சோதிச்சுட்டுப் போயிருக்கான், இவ இன்னிக்குக் காஞ்ச பிறகு தொட்டிருக்கா. ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்.”

“சோதிச்சானா? கழுவினானா? என் துஸ்ஸேயை மெஷின்ல போட்டானா?” ஹெட்விக் மேசையில் ஓங்கி அறைந்ததில் திருகாணிகள் துள்ளின. “அப்ப அவன்தானே! என்ன நிரூபணம் வேணும் இன்னும்? போடு கையெழுத்தை!”

“வெறும் சோப்புன்னு அவன் சொல்றான்.”

“அவன் ஆயிரம் சொல்வான்!”

“அப்ப மோந்து பாரு!” ரக்னாவும் கத்தினாள். “வெறும் சோப்பு இப்படி மணக்குமா?”

ஹெட்விக் முகர்ந்து பார்த்தாள். லாவெண்டர். கோடைத் தோட்டம் ஒன்று முழுதாக அந்தக் குட்டி வயிற்றுக்குள் குடியிருந்தது.

“இந்தக் கட்டடத்துல லாவெண்டரா?” என்றான் வீகோ. “யெர்க்கர் உயிரோட தோலை உரிச்சுடுவானே!”

அவன் சொன்னது மிகையில்லை. சலவை அறைக்குப் போனபோது யெர்க்கர் நாலு சுவரிலிருந்தும் அவர்களைத் திட்டினார். ‘வடிகட்டியைச் சுத்தம் செய்யாதவர்கள் மனிதர்களா?’ என்று ஒரு காகிதம். ‘அடுத்தவர் பதிந்துவைத்த நேரத்தில் துணி உலர்த்துவது திருட்டு!’ என்று இன்னொன்று. எல்லாவற்றிலும் பெரியது மெஷினுக்கு மேலேயே இருந்தது: ‘மணக்கும் துணிக் கண்டிஷனர் இந்த அறைக்குள் வரக் கூடாது!!! மற்றவர்களுக்கு மூச்சு முட்டுகிறது!!! இது கடைசி எச்சரிக்கை!!!’ அந்தக் கடைசி எச்சரிக்கையின் ஓரங்கள் மஞ்சளாகிவிட்டிருந்தன. மூன்றாம் மாடி அம்மாள் ஒருத்தி, திரைச்சீலையைக் கண்டிஷனரில் அலசியதற்காகச் சங்கக் கூட்டத்தில் அழுதுவிட்டே போனாள் என்று பேச்சு.

ரக்னா மெஷினின் சோப்புத் தட்டை இழுத்தாள். கண்டிஷனர் ஊற்றும் குழியின் ஓரத்தில் ஊதாவாக வழவழவென்று ஒரு கோடு ஒட்டியிருந்தது. அதைத் தொட்டு முகர்ந்து பார்த்து எலோஃபிடம் விரலை நீட்டினாள்.

“நான் அந்தத் தட்டைத் திறக்கவே இல்ல,” என்றான் அவன். “சோப்பை நேரா உள்ளதான் போட்டேன்.”

“தெரியும். நீ வர்றதுக்கு முன்னாடியே யாரோ ஊத்தி வச்சிருக்காங்க. ஊத்தினவங்க துணியைப் போடறதுக்குள்ள உன் காலடிச் சத்தம் கேட்டு ஓடியிருக்காங்க. கையும் களவுமா மாட்டக் கூடாதுன்னு ஓடினா, அது எப்படிப்பட்ட ஆளு?”

அந்த நேரம் பார்த்து, துவாலைகள் அடுக்கிய கூடையும் கக்கத்தில் ஒரு பிளாஸ்க்குமாக யெர்க்கரே வந்து நின்றார்.

“என்ன கூச்சல் இது? முற்றம் வரைக்கும் கேக்குது! இது என்ன உங்க நேரமா? இது என் நேரம்! இப்ப நான் துவைக்கணும், அத்தனை பேரும் வெளிய போங்க!”

அப்போது வீகோ தன் வாழ்நாளில் பார்ப்போம் என்று நினைக்காத ஒன்றைப் பார்த்தான். சொந்தத் தங்கையின் கல்யாணத்தில்கூடக் கைகுலுக்கியதோடு நிறுத்திக்கொண்ட ரக்னா, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போய்ச் சங்கத் தலைவரைக் கட்டிப் பிடித்தாள். பிடித்தவள் விடவும் இல்லை. கழுத்தோரம் மூக்கை வைத்து நிதானமாக மூச்சை இழுத்தாள்.

“ரக்னா?” என்றார் யெர்க்கர், கூடை நசுங்க. “உனக்கு... உடம்பு சரியில்லையா?”

“உன் சட்டை எவ்வளவு மெத்து மெத்துன்னு இருக்கு யெர்க்கர்! என்ன வாசனை!”

யெர்க்கரின் முகம் வெளுத்தது.

வீகோவுக்குப் புரிய ஒரு நொடிதான் பிடித்தது. “தலைவர் எப்பவும் காபியோடதான் துவைக்க வருவாரு,” என்று சொல்லிக்கொண்டே அவர் கக்கத்திலிருந்த பிளாஸ்க்கை உருவி மூடியைத் திறந்தான். “எனக்கும் ஒரு வாய்...” மேலே பேச முடியவில்லை. உள்ளே ஊதா நிறத்தில் கெட்டியாக ஏதோ தளும்பியது. லாவெண்டர் நெடி அறையைத் தூக்கிக்கொண்டு போனது.

“என் கழுத்து!” என்றார் யெர்க்கர். “வெறும் சோப்புல துவைச்சா துவாலை மரப்பட்டை மாதிரி ஆயிடுது. கழுத்தெல்லாம் தடிச்சுப் போகுது! உங்களுக்கு என்ன தெரியும்?”

“அப்ப தடையை எடுத்துட வேண்டியதுதானே?” என்றாள் ரக்னா.

“எப்படி எடுக்கறது? போட்டவனே நான்தானே! மூணாம் மாடிக்காரி முகத்துல எப்படி முழிக்கறது?” கூடையைக் கீழே வைத்தார். “நேத்து ஊத்திட்டேன். காலடிச் சத்தம் கேட்டுச்சு. துவாலையை அள்ளிக்கிட்டுப் பின் கதவு வழியா...”

அவர் முடிப்பதற்குள் ஹெட்விக் அலறினாள். “கண்டிஷனர்! அது மெழுகு மாதிரி நூல்மேல படிஞ்சுக்குமே! துணி மெத்துன்னு ஆகறதே அதனாலதானே! ஈரமா இருக்கறப்ப ஊடே பாயும், காஞ்சதும் தோல் மாதிரி மூடிக்கும். வெள்ளி ஒண்ணும் ஆகல. நூல் அப்படியே இருக்கு, மேலதான் மூடியிருக்கு! வினிகர்! வினிகர்ல அலசினா போயிடும்! யெர்க்கர், என்ன நின்னுக்கிட்டிருக்க, உன் வீட்டுல வினிகர் இருக்கா இல்லையா?”

சங்கத் தலைவர் ஓடியதை அந்தக் கட்டடம் முதல்முறையாகப் பார்த்தது.

வினிகரில் ஒரு அலசல், பச்சைத் தண்ணீரில் இன்னொரு அலசல். வீகோ முடி உலர்த்தும் கருவியைப் பிடித்துக்கொண்டு, “பின்னாடி கொஞ்சம் லேயர் வெட்டி விடட்டுமா மேடம்?” என்று துஸ்ஸேயிடம் கேட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஹெட்விக் தோலை மாட்டி, காய்ந்த கையைச் சட்டையில் இன்னொரு முறை துடைத்துக்கொண்டு, முதுகில் வைத்தாள்.

துஸ்ஸே புரண்டது. சோம்பல் முறித்தது. சுவரை விட்டுத் திரும்பி, குடிசை வாசல்வரை வந்து, அவளைப் பார்த்துக் குர்குர் என்று ஆரம்பித்தது.

வழக்கு முடிந்தது என்று வீகோ நினைத்தான். ரக்னா பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஹெட்விக் எலோஃபிடம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்கிற முகமா அது? “நீ ஏன்டா நேத்தே சொல்லல? ஒரு வார்த்தை! ‘கிரீம் கொட்டிடுச்சு, கழுவினேன்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இத்தனை கூத்தும் உண்டா?”

எலோஃப் மேசைக்குப் போனான். பத்திரத்தை எடுத்தான். பேனாவைத் தேடி எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டான்.

“என்ன செய்யற நீ?” என்றாள் ஹெட்விக். “அதான் நீ இல்லன்னு ஆயிடுச்சே!”

“ஆயிடுச்சு. ரக்னா சொன்ன பிறகு ஆயிடுச்சு.” அவன் குரல் வழக்கம்போலத் தாழ்வாகத்தான் இருந்தது, ஆனால் அந்த அறையில் அதுவரை கத்திய எல்லாரையும்விட அது நன்றாகக் கேட்டது. “நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. துப்பறியறவளைக் கூப்பிட்ட. சாவியை ரத்து பண்ணின. ஏன் சொல்லலன்னு கேக்கற இல்ல? உனக்குப் பயந்துதான் சொல்லல. கிரீம் கொட்டினதுக்கு ஒரு வளர்ந்த மனுஷன் ஒளிஞ்சு ஒளிஞ்சு துணி துவைக்கறான்னா, அது என்ன கூட்டு? துஸ்ஸே உன்கிட்டயே இருக்கட்டும்.”

பத்திரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் குனிந்து பூட்ஸின் கயிற்றை ஒவ்வொரு துளையாக இழுத்துக் கட்டினான். அவன் கட்டி முடிக்கும்வரை ஹெட்விக் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவன் ஒருவேளை நின்றிருப்பான். அவன் பின்னால் கதவு சாத்திக்கொள்ளத் தொடங்கியது.

அது முழுசாகச் சாத்துவதற்குள் தேர்வுக் குழு உள்ளே வந்தது: சிவப்பு மழைக்கோட்டு போட்ட ஒரு பெண்மணி, பின்னால் இரண்டு தாடிக்காரர்கள். பூட்ஸைக் கழற்றினார்கள், கைகளைத் துடைத்தார்கள், துஸ்ஸேயை மடியில் வைத்துக்கொண்டார்கள். சிவப்புக் கோட்டுக்காரி தடவினாள். துஸ்ஸே வெட்கமில்லாமல் மல்லாந்து தொப்பையைக் காட்டியது. தாடிகளில் ஒருவர் வாலைச் சுற்றினார். இன்னொருவர் எனக்கு எனக்கு என்று கையை நீட்டினார்.

“ஐயோ, என்னமா ஏங்கி ஏங்கிப் பாக்குது!” என்றாள் சிவப்புக் கோட்டுக்காரி. “இதுக்கு இப்படி ஒரு மனசைக் கொடுத்தது யாரு? நீதானா? நீ ஒருத்தியேவா செஞ்ச?”

ஹெட்விக்கின் கையில் பத்திரம் இருந்தது. ஆமாம் என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் அந்தக் காகிதத்தில் இருந்தது. வீகோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு முன்னைவிட மோசமாகச் சிவந்தது.

“ரெண்டு பேர்!” என்று ஹெட்விக் அந்தப் பெண்மணியின் முகத்துக்கு நேராகக் கத்தினாள். “மனசு அவன் எழுதினது! அந்த முட்டாள் இப்ப டிராமுக்கு நிக்கறான்! இருங்க, யாரும் போகாதீங்க!”

காலுறையோடு ஓடினாள். கதவு மோதி அடங்கியது.

அந்த நிலவறை ஜன்னல் தெருவின் தரை மட்டத்தில் இருந்தது. அதன் வழியாக ஊரின் கால்கள் மட்டும்தான் தெரியும். வீகோ நாற்காலிமேல் ஏறிக்கொண்டான். எதிரே டிராம் நிறுத்தத்தில் கயிறு இழுத்துக் கட்டிய ஒரு ஜோடி பூட்ஸ் நின்றிருந்தது. சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைகள் குட்டைகளை மிதித்துக்கொண்டு குறுக்கே ஓடிப் போய் அதற்கு நேர் எதிரே நின்றன.

“என்ன ஆச்சு?” என்று ரக்னா கீழிருந்து சீறினாள். “மேல ஏறி நின்னா சொல்லணும்!”

“கத்தறா.”

“அது எனக்கே தெரியும். அவன்?”

டிராம் வந்து நின்றது. கால்கள் இறங்கின, கால்கள் ஏறின. பூட்ஸ் ஒரு அடி டிராமை நோக்கித் திரும்பியது. பிறகு பூட்ஸ் சடாரென்று மறுபக்கம் திரும்பி, காலுறைகளுக்கு மிக அருகில் வந்து நின்றது. கண்ணாடியையும் மழையையும் தாண்டி இதுவரை அந்தக் கட்டடம் கேட்டிராத ஓர் ஆண்குரல் இடி மாதிரி இறங்கியது.

“இனிமே நான் அந்த அறைக்குள்ளதான் தின்னுவேன்! கேட்டுச்சா? செம்லா தின்னுவேன்! உன் கண்ணு முன்னாடி தின்னுவேன்! இன்னொரு தடவை என்கிட்ட கேக்காம என்மேல பழி போட்ட...”

மீதியை டிராமின் மணி விழுங்கியது. டிராம் போன பிறகும் இரண்டு ஜோடிக் கால்களும் அங்கேயே நின்றன. காகிதத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் குட்டையில் விழுந்து மிதந்தன. கிழித்தது யார் கை என்று ஜன்னல் வழியாகத் தெரியவில்லை. வீகோ அதற்காகக் கழுத்து ஒடியும் அளவுக்கு எட்டிப் பார்த்ததோடு சரி.

சிவப்புக் கோட்டுக்காரி துஸ்ஸேயைத் தடவுவதை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். “வெளிய ஏதோ பெரிய சண்டை போல இருக்கே?”

“சண்டையெல்லாம் இல்ல,” என்றாள் ரக்னா, எட்டி ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு. “கூட்டாளிங்க பேசிக்கறாங்க.”